கடுமையான அன்றாட வேலைக்கேற்ற மடக்குக் கத்தி

மடக்குக் கத்தி என்பது அலகைப் பிடிக்குள் மடித்து வைத்துக்கொள்ளத்தக்க சிறு வெட்டுக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இதைப் பேனாக்கத்தி என்றும் சொல்வர். இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பயன்பட்ட சிறு கத்திக்கு ஆங்கிலத்தில் ஏற்பட்ட பெயரின் வழியே வந்த சொல் அது. இறகு மறைந்துவிட்டது, பெயர் நின்றுவிட்டது. தோட்டம், தச்சு, மின்பணி, சரக்குக் கிடங்கு, படகு, மலையேற்றம் எனப் பல இடங்களில் நாள்தோறும் கயிறு, அட்டைப் பெட்டி, சாக்கு, நெகிழிக் குழாய், மரக்குச்சி ஆகியவற்றை வெட்டுவோரின் சட்டைப் பையில் இருக்கும் கருவி இது. அத்தகைய வேலையைப் பல ஆண்டுகள் தாங்கக்கூடிய கத்தியை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விற்பவர் முதலில் சொல்வது எஃகின் பெயர். வாங்குபவர் முதலில் கேட்பதும் அதுவே. ஆனால் மழுங்கிய அலகைச் சாணை பிடித்துக்கொள்ளலாம். தேய்ந்து தளர்ந்த மூட்டைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியாது. மழுங்கிய கத்தி வேலையைத் தாமதப்படுத்தும். தளர்ந்த மூட்டு விரலை வெட்டும். ஆகவே முதலில் மூட்டையும் பூட்டையும் பார்க்க வேண்டும். அலகின் வடிவம் அடுத்தது. எஃகின் பெயர் அதற்கும் பின்னால்தான்.

மூட்டில் விழும் சுமை

சமையலறைக் கத்தியில் அலகின் எஃகு பிடிக்குள்ளும் தொடர்ந்து செல்கிறது. மடக்குக் கத்தியில் அந்தத் தொடர்ச்சி இல்லை. நடுவே துண்டித்து ஓர் அச்சாணியால் கோத்துவிட்ட கத்தி என்றே அதைக் கொள்ள வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இது மாறாது.

பள்ளியில் படித்த நெம்புகோல் பாடத்தை மாணவர்கள் இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். விசையை, ஆதாரப் புள்ளியிலிருந்து அதற்குள்ள தொலைவால் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். ஒரு கத்தியில் அலகின் நுனி அச்சாணியிலிருந்து 84 மி.மீ. தொலைவில் இருக்கிறது என்றும், பூட்டு அலகைத் தாங்கும் இடம் அச்சாணியிலிருந்து 6 மி.மீ. தொலைவில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நுனியில் 5 கிலோ எடைக்குச் சமமான விசை விழுந்தால், பூட்டின் மேல் விழுவது 5 × 84 ÷ 6 = 70 கிலோ எடைக்குச் சமமான விசை. வளர்ந்த மனிதர் ஒருவர் அந்தச் சிறு உலோகத் துண்டின் மேல் ஏறி நிற்பதற்கு இது ஒப்பாகும். இதே கணக்கு மறுபுறமும் செல்லும். பூட்டில் பத்தில் ஒரு மி.மீ. தேய்மானம் ஏற்பட்டால் நுனி 1.4 மி.மீ. ஆடும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தை நுனியின் ஆட்டம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

விசை எந்தத் திசையில் விழுகிறது என்பது இதைவிட முக்கியம். வெட்டும்போது, வெட்டப்படும் பொருள் அலகின் கூர்ப்பக்கத்தைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் அலகை விரிந்த நிலையிலேயே அழுத்தி வைக்கிறது, மடக்க முயல்வதில்லை. அலகை மடக்கப் பார்க்கும் விசை வேறு சில சமயங்களில் தோன்றுகிறது. நுனியால் குத்தித் துளையிடும்போதும், ஆழமாகச் சிக்கிக்கொண்ட அலகை ஆட்டி வெளியே இழுக்கும்போதும், அலகின் முதுகு எதிலாவது மோதும்போதும் அது தோன்றும். அப்போது அலகுக்கும் விரல்களுக்கும் நடுவே நிற்பது பூட்டு ஒன்றுதான்.

பூட்டில்லாத கத்திகள்

பூட்டே இல்லாத மடக்குக் கத்திகள் நெடுங்காலம் உழவர் கையிலும் தொழிலாளர் கையிலும் இருந்து வந்ததற்குக் காரணமும் மேற்சொன்னதே. அவர்கள் அதைச் சீவவும் அறுக்கவும் பயன்படுத்தினர், குத்தப் பயன்படுத்தவில்லை.

இவ்வகையில் உலகம் அறிந்தது சுவிட்சர்லாந்துப் படைக் கத்தி. இபாக் என்னும் ஊரில் கார்ல் எல்சனர் 1884இல் தொடங்கிய பட்டறை 1891இல் அந்நாட்டுப் படைக்குக் கத்திகளை வழங்கத் தொடங்கியது. பின்னாளில் அது விக்டோரினாக்ஸ் ஆயிற்று. எல்சனருடைய தாயாரின் பெயரான விக்டோரியாவும், துருவேறா எஃகைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான இனாக்சும் சேர்ந்த பெயர் அது. 1961ஆம் ஆண்டின் படைவீரர் கத்தி, சொரசொரப்பான அலுமினியப் பிடியுடன் 2008 வரை வழங்கப்பட்டது. அதில் முதன்மை அலகுக்குப் பூட்டு இல்லை. பிடியின் முதுகில் உள்ள தடித்த வில்தகடு, விரிந்த அலகின் அடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்; சற்று வலுவாக மடக்கினால் மடங்கிவிடும்.

முதல் படைக் கத்தியிலேயே அலகுக்குப் பக்கத்தில் ஒரு திருப்புளியும், துளையிடும் ஊசியும், தகர டப்பா திறப்பானும் இருந்தன. துப்பாக்கியைக் கழற்றவும் டப்பா உணவைத் திறக்கவும் படைவீரனுக்கு அவை தேவைப்பட்டன. இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. நெம்பவும் திருகவும் தனிக் கருவி கையில் இருந்தால் யாரும் அலகின் நுனியால் நெம்ப மாட்டார்கள். நுனி முறிந்த கத்திகளைப் பார்க்கும்போதெல்லாம், பக்கத்தில் ஒரு திருப்புளி இல்லாமற்போனதே காரணமாக இருக்கும் என்று தோன்றும்.

ஜப்பானின் மிகி நகருக்குப் பேர்போன ஹிகோனோகாமி இன்னும் எளியது. மடித்த தகட்டாலான பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி. வில்லும் கிடையாது. அலகின் அடியில் சிறு வால் ஒன்று நீண்டிருக்கும். வெட்டும்போது கட்டைவிரல் அதன்மேல் அழுத்தமாகப் படிந்திருக்கும். விரல்தான் பூட்டு. உடைவதற்கு எதுவும் இல்லாத அமைப்பு. ஆனால் கவனம் சிதறும் இடத்தில் அது உதவாது.

பூட்டு வகைகள்

பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியான சவோயில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் உருவாக்கிய கத்தி அவர் பெயராலேயே வழங்குகிறது. 1897இல் அதை 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளில் செய்தார்கள். தொடக்கத்தில் அதற்கும் பூட்டு கிடையாது. 1955இல் மார்செல் ஒப்பினெல் சேர்த்த சுழல்வளையம்தான் இன்று அதன் அடையாளம். அலகு, மரப்பிடி, ஆணி, நிலைத்த வளையம், அதன்மேல் சுழலும் வளையம் என மொத்தம் ஐந்தே உறுப்புகள். சுழல்வளையத்தில் ஒரு பிளவு உண்டு. அலகு அந்தப் பிளவின் வழியே விரியும். விரித்தபின் வளையத்தைத் திருகினால் பிளவு விலகி, வளையத்தின் முழுப்பகுதி அலகின் அடியை மறித்துக்கொள்ளும். வில் இல்லை, களைத்துப்போக எதுவுமில்லை. வளையம் தளர்ந்தால் கழற்றிச் சற்று நெருக்கி மாட்டிக்கொள்ளலாம். 8.5 செ.மீ. அலகுடைய 8ஆம் எண் கத்தி, விலை குறைந்த நல்ல கத்திக்கு எடுத்துக்காட்டாகப் பல காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது.

அதன் குறை மரத்தில் உள்ளது. ஈரம் ஏறினால் மரம் ஊதி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் இழுத்தாலும் வராது. சவோய் மக்கள் அப்போது பிடியின் அடிப்புறத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அலகு சற்று வெளியே எட்டிப் பார்க்கும். பிடியின் மூட்டுப் பக்கத்தை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து நன்றாக உலர்த்துவது இதற்குப் பலர் செய்யும் வழி. மீன்பிடி, நெல்வயல் போன்ற எந்நேரமும் ஈரமான வேலைகளுக்கு மரப்பிடியுள்ள கத்தியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அமெரிக்காவின் பக் நிறுவனம் 1960களின் நடுவில் வெளியிட்ட 110ஆம் எண் கத்தி, முதுகுப் பூட்டை உலகெங்கும் பரப்பியது. இந்தப் பூட்டு ஏற்றப்பலகை போல வேலை செய்கிறது. பிடியின் முதுகில் நீண்ட உலோகக் கோல் ஒன்று நடுவில் ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். அலகு விரிந்ததும் கோலின் முன்முனையில் உள்ள கொக்கி, அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் டக்கென்று விழும். பின்முனையை அழுத்தினால் கொக்கி எழும்பும். இடக்கையருக்கும் வலக்கையருக்கும் ஒன்றுபோல் பயன்படுவது இதன் சிறப்பு. அந்தப் பள்ளத்தில் மண்ணோ நூல்துணுக்கோ சேர்ந்தால் கொக்கி முழுதும் இறங்காது. டக்கென்ற ஒலி கேட்டுவிட்டது என்பதாலேயே பூட்டிக்கொண்டது என்று நம்பக்கூடாது. கோலும் பிடியும் ஒரே மட்டமாக இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பித்தளை முனைகளும் கருமரப் பிடியும் கொண்ட பக் 110இன் எடை ஏறத்தாழ 200 கிராம், அதாவது ஒரு கைப்பேசியின் எடை. இடுப்பு உறையில் தொங்கவிட்டுக்கொள்பவருக்கு அது பொருந்தும். வேட்டி மடிப்பில் செருகுவோருக்குப் பொருந்தாது.

மைக்கேல் வாக்கர் என்னும் அமெரிக்கக் கத்தி வினைஞர் 1980களில் செம்மைப்படுத்திய லைனர் லாக் இன்று எங்கும் காணப்படுகிறது. பிடியின் உட்புறத்தில் உள்ள மெல்லிய தகட்டின் ஒரு பகுதி வில்போல் உட்பக்கம் வளைந்து, விரிந்த அலகின் அடிக்குப் பின்னால் வந்து நிற்கும். ஒரு கையாலேயே திறந்து மூடலாம். ஆனால் மூடும்போது கட்டைவிரல், அலகு வந்து விழும் பாதையிலேயே இருக்கும். புதிதாகப் பழகுவோர் விரலை வெட்டிக்கொள்வது இங்கேதான். வலக்கைக்கென்றே பெரும்பாலும் அமைக்கப்படுவதால் இடக்கை மாணவர்கள் வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். தகடு அலகின் அடியில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி அளவு வரை மட்டும் ஏறியிருப்பது புதுக் கத்திக்கு அழகு. புதிதிலேயே மறுகோடிவரை போயிருந்தால் இனித் தேய இடமில்லை.

அதே தத்துவத்தில் மெல்லிய தகட்டுக்குப் பதிலாகப் பிடியின் தடித்த பக்கத்தையே பூட்டாக்கியவர் கிறிஸ் ரீவ். கை இறுகப் பிடிக்கும்போது பூட்டும் சேர்ந்து இறுகும் என்பதால் கடும் வேலைக்கு இது மேலானது, விலையும் மேலானதுதான். பெஞ்ச்மேட் நிறுவனம் 1998இல் கொண்டுவந்த குறுக்குக்கோல் பூட்டில் விரல் அலகின் பாதைக்கு வருவதே இல்லை. இரு பக்கமும் உள்ள குமிழைப் பின்னுக்கு இழுத்தால் அலகு தானே தொங்கும். அதன் மெல்லிய கம்பி வில்கள் எப்போதாவது முறிவதுண்டு.

எந்தப் பூட்டும் கத்தியை ஒரே துண்டாக ஆக்கிவிடாது. மடக்குக் கத்தியை விறகின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்துப் பிளந்து காட்டும் காணொளிகளை இணையத்தில் காணலாம். அச்சாணியில் என்ன நடக்கும் என்பதற்கு மேலே செய்த கணக்கே போதும். விறகு பிளக்கக் கோடரி இருக்கிறது.

அலகு

கடும் வேலை என்றதும் தடித்த அலகைத் தேடுவது இயல்பு. ஆனால் வெட்டுவது முதுகின் தடிமன் அல்ல. கூர்விளிம்பும் அதற்குச் சற்று மேலே உள்ள பகுதியும்தான். முதுகு 4 மி.மீ. தடித்த கத்தி அட்டைப் பெட்டியில் ஆப்புபோல இறுகி நிற்கும். ஆள் கூடுதலாக அழுத்துவார். கூடுதல் அழுத்தம் மூட்டுக்குப் போகும். 2 மி.மீ.க்கும் குறைந்த முதுகுடைய ஒப்பினெல் அதே பெட்டியை எளிதாகக் கிழித்துக்கொண்டு போகும். கயிறு, குழாய், கம்பி உறை, குச்சி என எல்லாம் வெட்டுபவருக்கு 2.5 முதல் 3 மி.மீ. வரை முதுகும், 7 முதல் 9 செ.மீ. வரை நீளமும் போதும். நீளம் கூடக்கூட நெம்புகோலின் கையும் நீளும் என்பதை மறக்க வேண்டாம்.

கூர்க்கோணம் ஒரு பக்கத்துக்கு 15 பாகையில் இருந்தால் பழம் நறுக்கவும் காகிதம் கிழிக்கவும் இனிமையாக இருக்கும். கயிறும் கம்பி உறையும் வெட்டுவோருக்கு 20 பாகை நல்லது. கூர் சற்றுக் குறையும், ஆனால் பொடிப்பொடியாக உதிராது. முதுகிலிருந்து மெல்லச் சரிந்து இறங்கும் நுனி வலுவானது. முதுகை வில்லாகக் குடைந்து ஊசிபோல ஆக்கிய நுனி தோலுரிக்கவும் நுண்வேலைக்கும் ஏற்றது, எளிதில் முறியும். பல்வைத்த அலகு நைலான் கயிற்றைப் பிடித்து இழுத்து அறுக்கும், படகில் இருப்போர் அதை விரும்புவர். ஆனால் வீட்டுச் சாணைக்கல்லில் அதைத் தீட்ட முடியாது.

எஃகும் அதன் பதமும்

கத்தி எஃகைப் பற்றி அறிய இரண்டு தனிமங்களில் தொடங்கலாம். கரிமம் கடினத்தைத் தரும். குரோமியம் துருவைத் தடுக்கும், குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால் எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுப் படலம் உண்டாகித் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி 1913இல் உருக்கிய துருவேறா எஃகு முதலில் கத்திகளுக்கே பயன்பட்டது.

கடினத்தை அளக்க 1914இல் ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் இருவரும் வகுத்த முறை இன்றும் நடப்பில் உள்ளது. ஒரு கூர்முனையை எஃகின்மேல் அழுத்தி அது இறங்கும் ஆழத்தைக் கொண்டு எண் தருவார்கள். மடக்குக் கத்திகள் பெரும்பாலும் ராக்வெல் அளவில் 54 முதல் 62 வரை இருக்கும். சுவிஸ் கத்தி ஏறத்தாழ 56; பக் 110 ஏறத்தாழ 58. எண் கூடினால் கூர் அதிக நாள் நிற்கும். அடிபட்டால் வளைவதற்குப் பதில் சில்லாக உதிரும். எண் குறைந்தால் கூர் சீக்கிரம் மடங்கும். ஆனால் சாதாரணக் கல்லில் ஐந்து நிமிடத்தில் மீட்டுவிடலாம். கடினமும் உறுதியும் ஒன்றல்ல. கண்ணாடி எஃகைக் கீறக்கூடும். ஆனால் கீழே விழுந்தால் உடைவது கண்ணாடி. கடும் வேலைக்கு 57 முதல் 60 வரையுள்ள அலகு நடுவழி.

ஒரே எஃகு இரண்டு பட்டறைகளில் இரண்டு விதமாக அமையும். சிவக்கக் காய்ச்சி, எண்ணெயிலோ காற்றிலோ குளிரவைத்து, மீண்டும் இளஞ்சூட்டில் பதப்படுத்துவதில்தான் அலகின் குணம் உருவாகிறது. நம் கொல்லர்கள் இதைத் தோய்ச்சல் என்பர். பக் நிறுவனம் பயன்படுத்தும் 420 எச்சி என்னும் எஃகு விலையுயர்ந்த வகை அன்று. அதன் கரிமம் அரை விழுக்காடு அளவுதான். ஆனாலும் பால் பாஸ் என்பவர் வகுத்த வெப்பமுறையால் அது நற்பெயர் பெற்றது. பெட்டியில் ‘440’ என்று மட்டும் போட்டிருந்தால் எச்சரிக்கை தேவை. 440சி என்பது ஏறத்தாழ 1 விழுக்காடு கரிமமுள்ள நல்ல எஃகு. 440ஏ அதைவிட மென்மையானது. எழுத்தை விட்டுவிடுபவர் எதைச் சொல்கிறார் என்று தெரியாது. ‘அறுவை மருத்துவ எஃகு’ என்ற விளம்பரச் சொல்லோ எந்த ஒரு குறிப்பிட்ட எஃகையும் குறிப்பதில்லை.

டி2 என்னும் எஃகில் 12 விழுக்காடு அளவுக்குக் குரோமியம் உண்டு. ஆயினும் அது துருப்பிடிக்கும். அதன் ஒன்றரை விழுக்காடு கரிமம் குரோமியத்தில் பெரும்பங்கைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால், படலம் அமைக்க மிஞ்சுவது குறைவு. வியர்வையும் கடற்காற்றும் உள்ள ஊர்களில் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கரிம எஃகு அலகு புளி, எலுமிச்சை, மாங்காய் பட்டால் கறுக்கும். அந்தச் சாம்பல்நிறப் பூச்சு தீங்கானதன்று. செந்நிறத் துருவே களைய வேண்டியது.

அட்டைப் பெட்டி கத்தியை விரைவில் மழுக்குவது பலருக்கு வியப்பாக இருக்கும். மரக்கூழோடு கலந்த கனிமத் துகள்களே காரணம். கூர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அளக்க, ஷெஃபீல்டில் உள்ள கத்தித் தொழில் ஆய்வு நிறுவனமான காட்ரா, மணல்துகள் கலந்த அட்டையையே எந்திரத்தில் வைத்து வெட்டிப் பார்க்கிறது.

கத்தி எஃகு பற்றிய பேச்சில் தென்னிந்தியாவை விட்டுவிட முடியாது. இங்கே மூசையில் உருக்கப்பட்ட உயர்கரிம எஃகு ஐரோப்பாவில் ‘வூட்ஸ்’ எனப்பட்டது. நம் ‘உருக்கு’ என்னும் சொல்லோடு உறவுடைய பெயராக அது கருதப்படுகிறது. இலண்டனில் சிறு கத்திகளும் அறுவைக் கருவிகளும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த எஃகை மிகவும் மதித்தார். இளம் மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை ஆராய்ந்தார்.

பிடியும் அச்சாணியும்

பிடி அழகாக இருப்பதைவிட வியர்வைக் கையில் வழுக்காமல் இருப்பது முக்கியம். கண்ணாடி இழை கலந்த நைலான் பிடி மலிவானது, எடையற்றது, ஈரத்தால் கெடாது. ஜி10, மைக்கார்டா ஆகியவை இழைத்துணியைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்தவை. நனைந்தாலும் பிடிப்புக் குறையாது. வழவழப்பான எஃகுப் பிடி கடையில் பளபளக்கும். எண்ணெய்க் கையில் மீன்போல நழுவும். நான்கு விரலும் அடங்கும் நீளமும், விரல் அலகுக்கு முன்னேறாதபடி ஒரு மேடும் இருக்க வேண்டும். ஸ்பைடர்கோ நிறுவனம் 1981இல் அலகில் ஒரு வட்டத் துளையும் பிடியில் ஒரு கொக்கித் தகடும் வைத்து வெளியிட்டபின், ஒரு கையால் திறப்பதும் பையின் விளிம்பில் மாட்டிக்கொள்வதும் பொது வழக்கமாயின.

அச்சாணி தட்டி இறுக்கிய தரையாணியாக இருந்தால் கழற்ற முடியாது. ஆனால் தானாகத் தளர்வதும் குறைவு. திருகாணியாக இருந்தால் இறுக்கிச் சரிசெய்யலாம். அதற்குரிய நட்சத்திரத் தலைத் திருப்புளி வேண்டும். அலகின் இருபுறமும் உள்ள வட்டுகள் வெண்கலமாக இருப்பது மண்ணிலும் தூசியிலும் வேலை செய்வோருக்கு நல்லது. குண்டுமணித் தாங்கி வைத்த கத்தி ஒரு சுண்டலில் விரியும். மணல் புகுந்தால் கரகரக்கத் தொடங்கும்.

வாங்கும்போது செய்ய வேண்டியவை

கத்தியை மெல்ல விரித்து, பூட்டிக்கொள்ளும் ஒலியையும் தொடு உணர்வையும் கவனிக்கவும். பிடியை ஒரு கையில் இறுகப் பிடித்து, மறுகையால் அலகின் தட்டையான இரு பக்கங்களையும் பற்றி இடவலமாகவும், பின் மேல்கீழாகவும் அசைத்துப் பார்க்கவும். இடவலமாக மிகச் சிறு அசைவு திருகை இறுக்கினால் நீங்கலாம். மேல்கீழ் ஆட்டம் பூட்டின் குறை. அந்தக் கத்தியை வாங்கக் கூடாது. அதன்பின், விரல்கள் அலகின் பாதையில் இல்லாதபடி பிடியைப் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மடித்த துணியின்மேல் வைத்து மெதுவாக அழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கலாம். பூட்டு வழுக்கக் கூடாது. மேசையில் ஓங்கி அடித்துச் சோதிப்பவர்களும் உண்டு. அது நல்ல பூட்டையும் பழுதாக்கும்.

மூடிய நிலையில் அலகு இரு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் ஒவ்வொரு முறை மூடும்போதும் கூர் தேயும். தலைகீழாகப் பிடித்து உதறினால் அலகு தானே வெளியே வரக்கூடாது. பையில் கை விடுபவரின் விரல் இதைப் பொறுத்திருக்கிறது.

இணையத்தில் வாங்கும்போது இவற்றையெல்லாம் பொருள் வந்தபின்தான் செய்ய முடியும். புகழ்பெற்ற கத்திகளுக்குப் போலிகளும் மிகுதி. பெயர் பெற்ற கத்தி பாதி விலைக்குக் கிடைத்தால் உள்ளே என்ன எஃகு, என்ன தோய்ச்சல் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பணத்துக்கு எளிய, உண்மையான கத்தி ஒன்றை வாங்குவது மேல். முதல் கத்தி வாங்கும் மாணவருக்கு அலுமினியப் பிடியுள்ள சுவிஸ் கத்தியைச் சொல்வேன். தோட்டத்திலும் கிடங்கிலும் நாள் முழுதும் வெட்டுபவருக்கு முதுகுப் பூட்டும் நைலான் பிடியும் உள்ள கத்தி.

பராமரிப்பு

மூட்டில் சேரும் பஞ்சையும் மண்ணையும் பல்குச்சியாலோ பழைய பல்துலக்கியாலோ எடுத்துவிட வேண்டும். கடல்நீர் பட்டால் நன்னீரில் கழுவி, விரித்தே உலரவிட வேண்டும். அச்சாணிக்கு ஒரு சொட்டுத் தையல் எந்திர எண்ணெய் போதும். உணவு நறுக்கும் கத்தியானால் உணவுக்கு ஏற்ற கனிம எண்ணெய் இடலாம். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்து வைக்கும். முற்றிலும் மழுங்கும்வரை காத்திராமல் வாரம் ஒருமுறை நுண்ணிய கல்லில் சில இழுப்பு இழுத்துவிட்டால் எஃகு குறைவாகத் தேயும். கல்லில் தீட்டியபின் விளிம்பின் மறுபுறம் எழும் பிசிறைத் தோல்வாரிலோ மடித்த செய்தித்தாளிலோ இழுத்து நீக்க வேண்டும். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுப்பதானால் அலகு நீலம் பாயுமளவுக்குச் சூடேற விடக்கூடாது. நீலம் பாய்ந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்று பொருள்.

மின்கம்பி உறை சீவுவோர் மின் இணைப்பைத் துண்டித்தபின்னரே அலகை வைக்க வேண்டும். நைலான் பிடி உள்ள கத்தியும் மின்காப்புக் கருவி அன்று.

சட்ட வரம்புகள்

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் படைக்கல வகையில் சேர்க்கின்றன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென அமைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. இங்கே பேசப்பட்ட கத்திகள் அந்த அளவில் பாதியைக்கூட எட்டுவதில்லை. பொத்தானை அழுத்தினால் தானே பாயும் வில்கத்தி வேறு. தில்லியில் 1980இல் வந்த அறிவிக்கை அத்தகைய கத்திகளைத் தனியே கட்டுப்படுத்துகிறது. நீதிமன்றம், மெட்ரோ நிலையம், தேர்வுக்கூடம் போன்ற இடங்களுக்கு எந்தக் கத்தியையும் எடுத்துச் செல்லலாகாது.

வெளிநாட்டில் வாழும் வாசகர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டின் சட்டம் 3 அங்குலத்துக்கு மேற்படாத கூர்விளிம்புடைய மடக்குக் கத்தியைத் தக்க காரணம் இன்றியும் பொது இடத்தில் வைத்திருக்க விடுகிறது. ஆனால் பூட்டுள்ள கத்தி அந்தச் சலுகைக்குள் வராது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. விரலைக் காக்கும் உறுப்பே கத்தியைச் சட்டத்தின் மறுபக்கத்தில் நிறுத்திவிடுகிறது. செருமனியில் 2008இல் வந்த திருத்தம், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளைத் தக்க காரணமின்றி எடுத்துச் செல்வதைத் தடுத்தது. இந்த இரு நாடுகளிலும் பூட்டில்லாத சிறு கத்திகளுக்கு இன்றும் தேவை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வானூர்திப் பயணத்தில் கத்தியைக் கைப்பையில் வைக்காமல், சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்க வேண்டும். சாவிக்கொத்தில் மாட்டிய சிறு கத்தி நினைவிலிருந்து நழுவி, பாதுகாப்புச் சோதனையில் பறிபோவது வழக்கமாக நடப்பது.